பகுத்து வைத்தலும் பற்றறுத்தலும்



பொருளை நல்வழியில் ஈட்டுவது பற்றியும், அதனை அளவோடு வைத்துக்கொள்ளும் மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் பற்றியும் நாம் பன்முறை சிந்தித்திருக்கிறோம். ஆயின், நமக்குப் பின் அப்பொருள் எவர் கையில், எம்முறையில் சேர வேண்டும் என்று சிந்திப்போர் மிகச் சிலரே. சாவைக் குறித்த பேச்சு அமங்கலம் எனக் கருதி, உயில் என்னும் சொல்லையே வீட்டில் எடுக்கவொட்டாத பெரியோரும் உளர். பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் அநித்தியத்தையே முதலாவதாகச் சிந்திக்கும் நமக்கு இவ்வச்சம் பொருந்துமா?

ஆதிபகவன் விருஷபதேவரின் வரலாற்றை நோக்குவோம். நீலாஞ்சனை என்னும் தேவமங்கை ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆயுள் முடிந்து மறைந்தாள். அதனைக் கண்ட பகவானுக்கு வைராக்கியம் பிறந்தது. ஆயினும் அவர் அக்கணமே அனைத்தையும் அப்படியே விட்டுவிட்டுக் காடு நோக்கி நடக்கவில்லை. பரதனுக்கு முடிசூட்டினார், பாகுபலிக்கு இளவரசுப் பட்டம் அளித்தார், ஏனைய மைந்தர்க்கும் நாடுகளைப் பகுத்துக் கொடுத்தார். அதன் பின்னரே தீட்சை ஏற்றார். முதலில் பகுத்தல், பிறகு துறத்தல் என்பதே முதல் தீர்த்தங்கரர் காட்டிய வரிசை.

அங்கும் ஒரு பாடம் உண்டு. பங்கீட்டின்போது உடனில்லாத நமி, விநமி என்னும் இருவர், தவத்தில் நின்ற பகவானிடம் வந்து, தங்களுக்கும் பங்கு வேண்டுமென்று திருவடிகளைப் பற்றிக்கொண்டனர். தரணேந்திரன் தோன்றி அவர்களை வித்தியாதர நாடுகளுக்கு அரசராக்கிய பின்னரே அவர்கள் அகன்றனர். மௌனத்தில் நின்ற பெருமானையே பங்கு கேட்டு அணுகினரெனின், ஒரு பெயர் விடுபட்ட நம் வீடுகளில் என்னென்ன நேராது?

‘பகுத்துக் கொடுத்த பின்னரும் பரதனும் பாகுபலியும் போரிடவில்லையா?’ என ஒருவர் வினவலாம். போரிட்டனர். சாசனம் ஒன்று எழுதிவிட்டால் பேராசை ஒழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. எல்லை வகுக்கப்பட்டிருந்தமையால் எல்லை கடந்தவர் எவர் என்பது உலகுக்குத் தெரிந்தது. எல்லையே வகுக்கப்படாத வீட்டில், பேராசையும் நியாயம் போலவே பேசும்.

ஜினசேனாசாரியார் தம் ஆதிபுராணத்தில் ஈகையைத் தயாதத்தி, பாத்திரதத்தி, சமதத்தி, அந்வயதத்தி என நான்காக வகுத்துரைக்கிறார். இவற்றுள் அந்வயதத்தி என்பது, குடும்பப் பொறுப்பையும் செல்வத்தையும் தன் வழித்தோன்றலிடம் முறைப்படி ஒப்படைப்பது. ஆகவே பின்வருவோர்க்கு ஒழுங்கு செய்து வைத்தல் உலகியல் தந்திரமன்று; அது தானத்தின் ஒரு கூறு.

ஆனி, ஆடித் திங்களில் குற்றாலச் சாரலை நாடிச் செல்லும் நம் குடும்பங்கள், அருகிலுள்ள தென்காசிப் பெருங்கோயிலையும் கண்டிருக்கலாம். அதனை எடுப்பித்தவன் சைவ வேந்தனாகிய பராக்கிரம பாண்டியன். 1446இல் கோயிற்பணியைத் தொடங்கிய அவன், 1457இல் கோபுரப் பணியைத் தொடங்கினான். அது நிறைவுறுமுன் 1463இல் மறைந்தான். அவன் தம்பி குலசேகர பாண்டியன் அதனை முடித்தான். இக்கோயிலுக்கு ஏதேனும் குறை நேருமாயின், அதனைத் தீர்த்துக் காப்பவர் எவராயினும் அவரைப் பணிகிறேன் என்னும் கருத்தைப் பாண்டியன் கல்லிலே பொறித்து வைத்தான். முடியுடை வேந்தன், இன்னும் பிறவாதவரை முன்னிட்டு வணங்குகிறான்! பிற்காலத்தில் சிதைவுற்ற கோபுரம் 1990இல் மீண்டும் எழுந்தது. சமயம் வேறாயினும், ‘நான் இரேன், என் பணி தொடர வேண்டும்’ என்னும் அத்தெளிவு நமக்கும் உரியதே.

குற்றாலத்து நீரையும் சற்றே நோக்குங்கள். அருவியில் வெள்ளம் பெருகும்போது எவரும் அதனுள் நிற்க இயலாது. அதே நீர் சிற்றாறாக ஓடி, அணைகளால் தடுக்கப்பெற்று, கால்வாய்களாலும் மடைகளாலும் பகுக்கப்பெறும்போது கடைக்கோடி வயலும் விளைகிறது. செல்வமும் அத்தகையதே. மடை வகுக்காத நீர் கரையை உடைக்கும்.

இனிச் சட்டத்தின் நிலையை அறிவோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும். ஒருவர் உயில் எழுதாது இறப்பின், அவருடைய தனிச் சொத்து மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர்க்குச் சமபங்காகச் சேரும். முன்னோர் சொத்திலும் மகளுக்கு மகனோடொத்த உரிமையைத் தமிழ்நாடு 1989இலும், நாடு முழுமையும் 2005இலும் சட்டம் வழங்கிற்று. ‘சீர் கொடுத்துவிட்டோம், இனி மகளுக்கு என்ன?’ என்னும் பேச்சு அறத்திலும் நில்லாது, சட்டத்திலும் நில்லாது.

பெண்மக்கள் இதனைக் கூர்ந்து நோக்குக. மணமான சில திங்களில் கணவனை இழந்து, புகுந்த வீட்டினின்றும் வெளியேற்றப்பட்டு, பெற்றோர் ஆதரவில் கற்றுப் பணிபுரிந்து பொருள் சேர்த்த ஒரு பெண்மணி, உயில் எழுதாமல் மறைந்தார். அவ்வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், அச்செல்வம் கணவனின் வாரிசுகட்கே உரியது எனத் தீர்ப்பளித்தது. மகப்பேறில்லாத கைம்பெண்ணின் சுயசம்பாத்தியம் அவ்வாறே செல்லும் என்பது சட்டம். ஆதரித்த கைகட்கு ஒன்றுமில்லை. விரட்டிய வீட்டுக்கு அனைத்தும்! ஒரு தாள் எழுதியிருப்பின் இது நேர்ந்திராது.

உயில் எழுதுதல் அரிதன்று. முத்திரைத்தாள் வேண்டுவதில்லை, தெளிந்த அறிவோடு எழுதிக் கையொப்பமிட்டு, இரு சாட்சிகள் கையொப்பமிட்டால் போதும். பயன்பெறுவோர் சாட்சியாகாதிருத்தல் நன்று. பதிவு கட்டாயமன்று, ஆயினும் சார்பதிவாளரிடம் பதிவது பிற்கால ஐயங்களைக் குறைக்கும். உயிருள்ளவரை மாற்றலாம், இறுதியாக எழுதியதே நிற்கும். தன் சொத்து எது, முன்னோர் சொத்து எது, கடன் எவ்வளவு, பட்டா எவர் பெயரில் உள்ளது என்பதனையும் தெளிவுறக் குறித்து வையுங்கள். ஜினாலயத்துக்கோ சாத்திர தானத்துக்கோ தருவதாக வாயால் சொன்னதுண்டாயின், அதனையும் எழுதிவிடுங்கள். எழுதாத வாக்கு மைந்தர்க்குப் பாரம். எழுதிய வாக்கு அவர்க்குப் புண்ணியம்.

இதனால் விளையும் பெரும்பயன் எழுதியவர்க்கே உரியது. சல்லேகனையை உரைக்கும் சமந்தபத்திர சுவாமிகள், அன்பையும் பகையையும் பரிக்கிரகத்தையும் விடுத்து, சுற்றத்தாரையும் ஏவலரையும் பொறுத்து, அவரிடம் பொறுத்தருள வேண்டுதலே அதன் தொடக்கம் என்கிறார். வீடு எவர்க்கு, நிலம் எவர்க்கு என்னும் கவலையில் உழலும் உயிர் எங்ஙனம் அதனைச் செய்யும்? பொருளைக் காக்கும் எண்ணத்திலேயே மூழ்குவதை ரௌத்திரத் தியானம் என்று நம் ஆசாரியர்கள் விலக்கினர். இறுதி மூச்சில் செவி பஞ்சநமஸ்காரத்தைக் கேட்க வேண்டும். மக்களின் வாக்குவாதத்தை அன்று.

ஆகவே வரும் பருயூஷணத்திற்கு முன் ஒருநாள் இல்லத்தார் அனைவரையும் அமர்த்திப் பேசுங்கள், எழுதுங்கள். அதன்பின் உத்தம ஆகிஞ்சன்ய தருமத்தை ஓதும் நாளில், ‘எனதென்பது யாதுமில்லை’ என்னும் எண்ணம் உங்கள் உள்ளத்தில் மெய்யாகவே நிற்கும்.

நல்லறம் ஓங்குக!