யாருக்கும் வேண்டாத சத்தம்

கோயில் குளத்துப் படியில் நின்று ஒரு பிடி பொரியைத் தூவினால் கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். அதே படியில் ஒருவர் காலை ஓங்கி வைத்தால் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் அங்கே வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். காஞ்சிபுரத்தில் குளத்தங்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் இது தெரியும். மீனுக்குக் காது உண்டா என்று அவர்கள் கேட்பதில்லை.

உண்டு. கெண்டைக்கும் கெளுத்திக்கும் காற்றுப்பையை உட்செவியோடு இணைக்கும் சிற்றெலும்புகள் இருப்பதால், அவற்றின் கேள்விப்புலன் வேறு பல மீன்களைவிடக் கூர்மையானது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும்; காற்றில் ஓடுவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். திருவிழா ஒலிபெருக்கியின் சத்தம் பெரும்பாலும் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. நீருக்குள்ளேயே பிறக்கும் சத்தத்துக்கு அந்தத் தடை இல்லை. படகு எஞ்சின், கப்பலின் புரொப்பெல்லர், துறைமுகத்துக்காகக் கடலில் அடிக்கும் தூண், எண்ணெய் தேடும் ஆய்வுக் கப்பலின் காற்று வெடிப்பு எல்லாம் நேரே மீனைச் சேர்கின்றன.

சேர்ந்தபின் நடப்பதும் ஓரளவு தெரிந்ததே. வட ஐரோப்பாவின் பேரண்ட்ஸ் கடலில் அத்தகைய காற்று வெடிப்புகளுக்குப் பின் காட் மீன்பாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் மோட்டார் படகு ஓடும்போது சிறு மீன்கள் இரண்டு மடங்குக்கு மேல் இரையானதாக 2016இல் இன்னோர் ஆய்வு சொன்னது. எதிரி வருவது அவற்றுக்கு உறைக்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். பிடித்துக் குழம்பு வைக்கும் மீனின் காதுக்கு ஏன் இத்தனை கவலை? காஞ்சியில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். ஒரு பட்டுச் சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் புழுவோடு வெந்நீரில் வேகின்றன. அதில் பிழைக்கும் ஊர் மீனுக்காக இரங்கலாமா?

இரங்கலாம். புழு சாவதிலும் மீன் படுவதிலும் எவ்வளவு, எதற்கு, யாருக்கு என்ற கணக்கு இருக்கிறது. அது நியாயமான கணக்கா என்று வழக்காடலாம். சத்தத்துக்கு அப்படிக் கணக்கே கிடையாது. கப்பல் வேண்டும், அதன் இரைச்சல் யாருக்கும் வேண்டாம். புரொப்பெல்லர் இலைகளில் குமிழிகள் தோன்றி உடைவதே அந்த இரைச்சலில் பெரும்பங்கு; எதற்கும் உதவாத வீண் அது. தறியில் ஜரிகை வீணாவதை எந்த நெசவாளரும் பொறுப்பதில்லை. வீணாக ஒரு தீங்கு விளையும்போது மட்டும் பொறுப்பது எப்படி அறமாகும்?

சட்டமும் இதில் பாதி வழியில்தான் நிற்கிறது. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடிவைத்து மீன் பிடிப்பதைத் தடுத்தது. இரைச்சலையும் மாசு என்று 1987இல் சேர்த்தபோது, சேர்த்த இடம் காற்று மாசுச் சட்டம். 2000ஆம் ஆண்டின் விதிகள் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி நூறு மீட்டருக்கு அமைதி கேட்கின்றன. எல்லாம் மனிதச் செவியை வைத்துப் போட்ட அளவு.

சுமையை யார் தலையில் வைப்பது என்பதும் அறக்கேள்விதான். டீசல் எஞ்சின் பூட்டிய வள்ளத்தில் போகும் மீனவரிடம் முதலில் கை நீட்டுவது அநியாயம். மீன் விலகிப் போனால் இழப்பும் அவருக்கே. கப்பல் நிறுவனத்தாலும் துறைமுகம் கட்டுபவராலும் அந்தச் சுமையைத் தாங்க இயலும். ஜெர்மனியில் கடலில் காற்றாலைக்குத் தூண் அடிக்கும்போது 750 மீட்டர் தொலைவில் 160 டெசிபலைத் தாண்டக்கூடாது. அதற்காகத் தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை எழுப்புகிறார்கள்.

பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த வேடந்தாங்கலில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு: அவற்றின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம். பறவை மிரண்டு எழுவதும் கண்ணுக்குத் தெரியும். மீன் மிரண்டால் தெரிவது வெறும் தண்ணீர் மட்டுமே. அதைப் பார்த்தே பொரி தூவ வருபவர் மெல்லப் படியிறங்கப் பழகுகிறார். கடலில் தூண் அடிப்பவரிடமும் அதையே கேட்பது அதிகம் இல்லை.