காடு காக்க மூட்டும் தீ

காட்டுக்குத் தீயிடுதல் சிராவகர்க்கு விலக்கப்பட்ட தொழில்களுள் ஒன்று. அங்ஙனமாயின், காட்டைக் காக்கவே அரசு மூட்டும் தீயை யாதெனக் கொள்வது?

அமெரிக்க வனத்துறை 1935இல், எங்குத் தீ தோன்றினும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்குக என விதித்தது. (மரத்தின் விலை கருதிய விதிதான், எனினும் நம் செவிக்கு இனியது.) முற்காலத்தில் அந்நாட்டு மேற்குப் பகுதியின் பாண்டரோசா பைன் காடுகளில், மின்னலாலும் பழங்குடியினராலும் எழுந்த தீ சில ஆண்டுகளுக்கொருமுறை தரையோடு படர்ந்து, சருகையும் இளங்கன்றுகளையும் எரித்து, தடித்த பட்டையுடைய முதுமரங்களை விட்டுச் சென்றது. அது நின்றபின் சருகு குவிந்தது. நெருங்கி வளர்ந்த குறுமரங்கள் ஏணியாகித் தீயை மரமுடிக்கு ஏற்றின. முதுமரங்களும் மாண்டன. 1978இல் அவ்விதி கைவிடப்பட்டது. இப்போது ஈரமும் காற்றும் அளந்து, வரையறுத்த பரப்பில் வனத்துறையினர் தாமே தீ மூட்டுகின்றனர்.

அத்தீயிலும் எறும்பும் புழுவும் மடியும். அது இம்சையன்று என்று கூறுதல் பொய். ஆனால் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்குங்கால், உயிர்க்கொலையோடு பிரமாதத்தையும், அதாவது விழிப்பின்மையையும், சேர்த்தே கூறுகிறது. சருகு குவிவதை அறிந்தும் கைகட்டி நிற்பவனுக்கும் அவ்விழிப்பின்மை உண்டு என்பதே எம் துணிபு. மூட்டுபவனுக்கும் அது நேரலாம். 2022இல் நியூ மெக்சிகோவில் வனத்துறை மூட்டிய தீ கைமீறி 3,40,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. நிலத்தின் வறட்சியைக் குறைவாக மதிப்பிட்டதாக அத்துறையே பின்னர் ஒப்புக்கொண்டது.