திருத்தம் எதுவரை?

கேரளத்தின் வடகோடியில், காசர்கோடு அருகே எடநீர் என்றோர் ஊர். ஆதிசங்கரர் வழிவந்த மடம் ஒன்று அங்கே இருக்கிறது. நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் மடத்து நிலங்கள் கைவிட்டுப் போகும் நிலை வந்தபோது, மடாதிபதி கேசவானந்த பாரதி 1970இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நில வழக்காகத் தொடங்கியது, ஒரு வினைச்சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கும் வழக்காக வளர்ந்தது. 13 நீதிபதிகள் 68 நாள் அமர்ந்து கேட்டார்கள். அந்தச் சொல், திருத்துதல்.

அரசியலமைப்பை நாடாளுமன்றம் திருத்தலாம் என்கிறது 368ஆவது பிரிவு. எதுவரை என்று அது சொல்லவில்லை. அடிப்படை உரிமைகளைப் பறிக்கவோ குறைக்கவோ முடியாது என்று 1967இல் கோலக்நாத் வழக்கில் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. 1971இல் நாடாளுமன்றம் 24ஆவது திருத்தத்தால் பதில் சொன்னது: சேர்ப்பது, மாற்றுவது, நீக்குவது எல்லாமே திருத்தத்தில் அடங்கும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதி வைத்தது. அப்படியென்றால் மொத்தத்தையும் நீக்கிவிட்டாலும் அதற்குத் திருத்தம் என்றே பெயரா?

தமிழில் இந்தச் சொல் புழங்கும் இடங்களைப் பார்த்தால் ஒரு விடை தட்டுப்படுகிறது. வாத்தியார் விடைத்தாள் திருத்துகிறார். சிவப்பு மை எத்தனை இடத்தில் பட்டாலும் அது மாணவனின் தாள்தான். அவரே புதிதாக ஒரு தாள் எழுதி வைத்தால் அதைத் திருத்தியதாக யாரும் சொல்லமாட்டார்கள். காட்டைத் திருத்திக் கழனியாக்கினார்கள் என்கிறோம். மரம் போயிற்று, புதர் போயிற்று, மண் இருக்கிறது. திருத்துக்குப் பக்கத்திலேயே திருந்து என்ற தன்வினையும் நிற்கிறது. “என் பையன் திருந்திட்டான்” என்று ஒரு தாய் சொல்லும்போது, வந்து நிற்பவன் அதே பையன் என்பதில்தான் அவள் மகிழ்ச்சியெல்லாம் இருக்கிறது.

மாறிய பிறகும் அதே பொருள் என்று எதை வைத்துச் சொல்வது? இந்திய மெய்யியலில் இது பழைய கேள்வி. மிலிந்த பஞ்ஹா என்ற பாலி நூலில் பிக்கு நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டிக் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, இவையெல்லாம் சேர்ந்திருப்பதற்கு இட்ட பெயர்தான் தேர். பௌத்தத்தின் இந்தப் பார்வையில் மாறாத உட்கரு என்று ஒன்றைத் தேடுவதே வீண்.

சமணர் வேறு வழியில் போனார்கள். சமந்தபத்திரரின் ஆப்தமீமாம்சையில் ஒரு பொற்குடம் உருக்கப்பட்டு மகுடமாகிறது. குடத்தை விரும்பியவர் வருந்துகிறார். மகுடத்துக்குக் காத்திருந்தவர் மகிழ்கிறார். பொன்னை வேண்டியவருக்கு வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. தோன்றுவது, அழிவது, நிலைப்பது மூன்றும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பது அவர்கள் கொள்கை.

தமிழகக் கோயில்களின் குடமுழுக்குத் திருப்பணியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் பாலாலயம் செய்து இறைவனை வேறிடத்தில் எழுந்தருளச் செய்கிறார்கள். பிறகுதான் சாரம் ஏறுகிறது. சுதைச் சிற்பத்தின் உடைந்த விரலுக்குப் புதுப் பூச்சு. கலசத்திலிருந்த பழைய வரகைக் கொட்டிவிட்டுப் புது வரகு நிரப்புகிறார்கள். பீடத்தைச் சுற்றி அஷ்டபந்தன மருந்தை இடித்துச் சாத்துகிறார்கள். கோபுரத்தின் நிறமே மாறியிருக்கும். ஆனாலும் ஊரில் யாரும் புதுக் கோயில் வந்துவிட்டது என்பதில்லை. எங்கள் கோயிலுக்குக் குடமுழுக்கு ஆயிற்று என்றுதான் சொல்வார்கள்.

கேசவானந்த பாரதி வழக்கில் 1973 ஏப்ரல் 24 அன்று வந்த தீர்ப்பு ஏழுக்கு ஆறு. தராசைச் சாய்த்தவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா. திருத்தம் என்ற சொல்லையே அவர் கையிலெடுத்தார். திருத்திய பிறகும் பழைய அரசியலமைப்பு தன் அடையாளத்தை இழக்காமல் எஞ்சியிருக்க வேண்டும். அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிப்பது அந்தச் சொல்லுக்குள் அடங்காது என்றார். 24ஆவது திருத்தம் செல்லும் என்ற அதே தீர்ப்புதான், திருத்தும் அதிகாரத்துக்கு இப்படி ஓர் எல்லையும் வகுத்தது.

மறுபக்கத்து வாதம் லேசானதல்ல. பொன் எது, குடம் எது என்று யார் சொல்வது? அடிப்படைக் கட்டமைப்பு என்ற தொடர் அரசியலமைப்பில் எங்கும் இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் வழக்குக்கு வழக்கு அதன் பட்டியலை நீட்டுகிறார்கள். திருத்தும் கையைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதும் தமிழகத்துக்குத் தெரியும். கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி ஆணை செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் செல்லாததாயிற்று. அதே ஆண்டு வந்த முதல் திருத்தம் 15ஆவது பிரிவில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்து, பிற்படுத்தப்பட்ட மக்களுக்கான சிறப்பு ஏற்பாடுகளுக்கு வழிவிட்டது. அங்கே சமத்துவம் என்ற பொன் குறையவில்லை, இன்னும் பலர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

1975இன் 39ஆவது திருத்தத்தைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும். பிரதமரின் தேர்தலை அது நீதிமன்றங்களுக்கு எட்டாத இடத்தில் வைக்கப் பார்த்தது. அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நீக்கியது. அடுத்த ஆண்டின் 42ஆவது திருத்தம், திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை, எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்றது. எல்லைக்கு உட்பட்ட அதிகாரம் தன்னைத்தானே எல்லையற்றதாக்கிக்கொள்ள முடியாது என்று 1980இல் மினர்வா மில்ஸ் தீர்ப்பு அதை மறுத்தது. முதல் திருத்தம் வெளியே நின்றவர்களுக்குக் கதவைத் திறந்தது. இவை இரண்டும், பிறகு வருகிறவர் கேள்வி கேட்கும் வழியையே அடைக்கப் பார்த்தன. பிந்தைய வேலைக்குத் திருத்துதல் என்ற சொல் பொருந்தவில்லை. நீதிபதிகள் பட்டியலில் எங்கே தவறினாலும், இந்த இடத்தில் சொல்லைச் சரியாகவே படித்தார்கள்.

வழக்குக்குத் தன் பெயரைத் தந்த துறவிக்கு நிலம் திரும்பவில்லை. கேரள நிலச் சட்டங்களுக்குக் காப்புத் தந்த 29ஆவது திருத்தத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கன்னா சொத்துரிமையை அடிப்படைக் கட்டமைப்பில் சேர்க்கவில்லை. 1978இன் 44ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்தே எடுத்துவிட்டது. 2020 செப்டம்பர் 6 அன்று மறையும் வரை கேசவானந்த பாரதியே மடத்தின் தலைவராக இருந்தார். நிலம் போன பிறகும் அது எடநீர் மடமாகவே நடந்துவருகிறது.