கிணற்றுச் சுவர்ப் பெரணி

மே மாதம் டெல்லியில் 'லூ' என்னும் வெப்பக் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால், பால்கனிக் கொடியில் போட்ட ஈரத் துண்டு நாம் காப்பி குடித்து முடிப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். அந்தக் காற்றில்தான் நான் ஒரு பெரணிச் செடியை வளர்க்கப் பார்த்தேன். சாலையோர நர்சரி ஒன்றில் வாங்கிய பாஸ்டன் பெரணி. கிழக்கு கிட்வாய் நகரில் பழைய இரண்டு மாடிக் குவார்ட்டர்ஸ்களை இடித்துவிட்டு எழுப்பிய அடுக்குமாடியில் எங்கள் வீடு. ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கத்திலேயே இருப்பதால் முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் குறைவில்லை. பச்சைக்குத்தான் ஏங்கினேன்.

பத்தே நாளில் இலை நுனிகள் பழுப்பாகின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் காலையும் மாலையும் ஊற்றினேன். மண் சேறாகக் கிடக்க, இலைகள் மேலும் கருகின. தொட்டால் அப்பளம் போல நொறுங்கின. கீழே நனைந்தும் மேலே காய்ந்தும் ஒரு செடி எப்படிச் சாகும் என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மாதான் சொன்னாள். "ஏட்டி, என்னத்துக்கு இம்புட்டுத் தண்ணிய ஊத்துத? நம்ம ஊர்க் கெணத்துச் சுவத்துல மொளைச்சுக் கெடக்குமே, அதுக்கு எவ ஊத்துனா?"

செங்கோட்டை வீட்டுக் கிணறு கண்முன் வந்தது. எட்டிப் பார்த்தால் செங்கல் இடுக்கில், ஒரு பிடி மண்கூட இல்லாத காரைப் பிளவில், பெரணிகள் குளிர்ந்து தழைத்திருக்கும். வேருக்கு அங்கே தீனி ஏது? கிணறு விடும் மூச்சுதான் அவற்றை வளர்த்தது.

காரணம் எளிதுதான். டெல்லிக் கோடையில் சில பிற்பகல்களில் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மிச்சத்தை ஏ.சி. உறிஞ்சிவிடும். வேர் ஏற்றித் தருவதைவிட வேகமாக இலையிலிருந்து நீரைக் காற்று பறித்துவிடுகிறது. தாகம் இலையில் இருக்க, நாம் வேரில் கொட்டுகிறோம். மூச்சு முட்டி வேர் அழுகுகிறது.

லண்டனில் நதானியல் வார்டு என்ற மருத்துவருக்கும் இதே துயரம் இருந்தது. கப்பல்துறைப் பக்கம் வீடு. ஆலைப் புகையில் அவர் வைத்த பெரணியெல்லாம் மாண்டது. 1829இல் ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிச் சீசாவில் இட்டு மூடி வைத்தார். பிறகு அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமே எட்டிப் பார்த்தன. மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கியது. ஒரு சொட்டும் ஊற்றாமல் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே புகுந்தபோதுதான் செத்தன. இதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்தச் சீசாவிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் பின்னாளில் தென் அமெரிக்காவின் சின்கோனாச் செடிகள் கடல் கடந்து நம் நீலகிரிக்கு வந்தன.

கருகிய ஓலைகளை எல்லாம் மண்மட்டத்துக்கு வெட்டினேன். தொட்டியை ஏ.சி. காற்றிலிருந்து நகர்த்திக் குளியலறை ஜன்னலோரம் வைத்தேன். மணி பிளாண்ட், அரேகா பனை எல்லாவற்றையும் அதைச் சுற்றி நெருக்கி அடுக்கினேன். ஒன்று வெளிவிடும் ஈரம் இன்னொன்றுக்கு மூச்சாகும். விரலை மண்ணில் வைத்துப் பார்த்து, மேல்மண் காயத் தொடங்கினால் மட்டும் தண்ணீர்.

அப்போதுதான் அம்மாவைச் சரியாகப் பார்த்தேன். ஏழு மாதமாக என்னவெல்லாம் ஊற்றியிருந்தேன்! தனி அறை, வேளை தவறாமல் மாத்திரை, குளிருக்கு ஸ்வெட்டர், தமிழ் சேனல், கும்பகோணத்து டிகிரி காப்பிப் பொடி. அவளோ நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தாள். கேட்டால், "எனக்கென்ன கொறை?" என்பாள். குறை எதுவும் இல்லைதான். வாசலில் யாரும், "என்ன பெரியம்மா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுப் போகவில்லை. பேச்சு இல்லாத காற்றில் அவள் காய்ந்துகொண்டிருந்தாள். ஊற்றுவது நமக்குச் சுலபம். ஊற்றினோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு உயிரைச் சுற்றியிருக்கும் காற்றை மாற்ற வேண்டுமானால், நம் வீட்டின் வழக்கத்தை, நேரத்தை, நம்மையே கொஞ்சம் இடம் மாற்ற வேண்டியிருக்கிறது.

அலுவலகம் விட்டு ஒரு மணி நேரம் முன்னதாக வரத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமைகளில் ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அங்கே படியேறும்போது முன்னால் போன ஒரு அம்மாள் யாரையோ, "மெதுவா வாங்க, எங்கிட்டு ஓடுதிய?" என்றாள். அம்மாவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. அம்பாசமுத்திரத்துக்காரி. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே மூன்று கட்டிடம் தள்ளி வீடு.

ஜூலை மழை வந்துவிட்டது. தொட்டியில் ஐந்து புதுத் தளிர்கள், ஒவ்வொன்றும் யானைக்குட்டியின் தும்பிக்கை நுனி போலச் சுருண்டு, மேலே செம்பழுப்புப் பூனைமயிரோடு. பெரிய சுருள் நேற்றைக்கு இன்று அரை விரல்கடை அவிழ்ந்திருக்கிறது. இதை அம்மாவிடம் காட்டக் காத்திருக்கிறேன். மணி எட்டாகிறது. கீழே பெஞ்சுக்குப் போனவள் இன்னும் வரவில்லை.