கோட்டுக்கு எவ்வளவு கூலி?

உழைப்புக்குக் கொடுக்கிற காசுக்குத் தமிழில்தான் எத்தனை பேர்! வக்கீல் வாங்கினால் அது ஃபீஸ். ஐயர் வாங்கினால் தட்சிணை. வித்துவான் வாங்கினால் சன்மானம். ஆபீசர் வாங்கினால் சம்பளம். வயலில் குனிந்தவளும் தறிக்குழியில் உட்கார்ந்தவனும் வாங்கினால் கூலி. கூலிக்கும் கீழே ஒன்று இருக்கிறது. அதற்குப் பேரே கிடையாது. 'ஏதோ பாத்துப் போட்டுக் குடுங்க சாமி' என்று குனிந்து நின்று வாங்குவது அது. சாவுக்குப் பறையடித்தவனுக்கும் செத்த மாட்டை இழுத்துப் போட்டவனுக்கும் ஊர் கொடுத்தது அதுதான்.

இந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காசு கூடக் குறைய இருப்பது மட்டுமா வித்தியாசம்? வக்கீல் தன் ஃபீஸைத் தானே சொல்கிறார். ஐயர் சாமான் லிஸ்டோடு தட்சிணையையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். கூலிக்காரனுக்குத் தொகையை எதிரே நிற்பவன் சொல்கிறான். பேரில்லாத அந்தக் கடைசிக் காசுக்கோ, தொகை என்ற பேச்சே எழக்கூடாது. எனவே 'நியாயமான கூலி எது' என்று கேட்பதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று: தொகையைச் சொல்கிற வாய் யாருடையது?

பழைய கிராமக் கணக்குகளில் ஒரு சொல் வரும். அறுவடைக் களத்தில் ஊர்ப் பணி செய்பவர்களுக்கு அளந்துவிடும் தானியப் பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பேர். எம்.ஏ. தமிழ் படிக்கும்போது இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு வேலைக்கு இவ்வளவு என்று கேட்க முடியாது. வேலையை விடவும் முடியாது. அதற்குப் பேர் சுதந்திரம்! கல்வெட்டில் இன்னொரு சொல் உண்டு, 'வெட்டி'. சோழர் காலத்தில் அது காசில்லாமல் வாங்கப்பட்ட கட்டாய உழைப்பு. இன்றைக்கு 'வெட்டி வேலை' என்றால் உதவாத வேலை என்று அர்த்தம். காசு கொடுக்காமல் வாங்கிய வேலையை, நாளாவட்டத்தில் மதிப்பில்லாத வேலை என்றே மொழி எழுதி வைத்துக்கொண்டது. மொழியும் ஆண்டை பக்கமே நின்றிருக்கிறது.

இதையெல்லாம் நான் சொல்வது வயலைப் பற்றிப் பேச அல்ல. காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடைகளுக்கு லோகோவும் வெப்சைட்டும் போட்டுக் கொடுக்கிற நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசத்தான்.

என் அண்ணன் மகன் பாலிடெக்னிக் முடித்தவன். எங்கள் தெருவில் பாதி வீடு வயல் கூலி, மீதி வீடு தறிக் கூலி. அவன்தான் முதல் முதலாக வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து படம் வரைந்து சம்பாதிக்கிறவன். ஊரில் ஒரு பட்டுக்கடைக்கு லோகோ போட்டான். அன்னப்பட்சி ஒன்று, அதன் இறக்கை சேலைக் கொசுவமாக மடிந்து வரும். நல்ல வேலை. ஆறு தடவை மாற்றச் சொன்னார்கள், ஆறு தடவையும் மாற்றினான்.

"இன்னா துட்டுன்னு மொதல்லியே பேசினியாடா?"

"எப்டி சித்தப்பா கேக்கறது? அவுங்களா பாத்து குடுப்பாங்க."

பார்த்துக் கொடுத்தார்கள். 500 ரூபாய். அந்த அன்னம் இன்று கடைப் பையிலும் பெட்டியிலும் போர்டிலும் பறக்கிறது.

'அவுங்களா பாத்து குடுப்பாங்க' என்ற வாக்கியம் அவன் படித்த பாலிடெக்னிக்கில் சொல்லித் தந்ததல்ல. அது களத்து மேட்டிலிருந்து வருகிறது. கருவி மாறிவிட்டது, வாய் இன்னும் திறக்கவில்லை.

இந்த ஊரில் டிசைன் என்பது நேற்று வந்த சங்கதி இல்லை. காஞ்சிபுரத்துப் புடவையை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் நாடாவுக்கு நாடா கோத்து நெய்ய வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். ஜக்கார்டு வருவதற்கு முன்னால் 'அடை' கட்டி டிசைன் ஏற்றினார்கள். பிறகு படத்தைக் கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் பெயர்த்து, அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டு, அட்டைகளைக் கோத்துத் தறிமேல் ஏற்றினார்கள். இப்போது அந்தக் கட்டங்களைக் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். மயில், அன்னம், யாளி, கோபுரம், ருத்திராட்சம், தாழம்பூ. கோபுரத்துக்குள் நுழைய 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வரவேண்டியிருந்த சாதியின் கைகளும் இந்தக் கோபுரக் கரையை நெய்திருக்கின்றன.

அந்த இரண்டாவது கைக்கு என்ன கூலி? புடவைக் கூலி ஒன்றுதான். அதற்குள்ளேயே தார் சுற்றிய மனைவியின் கையும் கரை தள்ளிய பிள்ளையின் கையும் அடக்கம். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. அப்பன் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளில் தலித் வீட்டுப் பிள்ளைகளும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் நிறைய என்றது அது. உருப்படிக் கூலியின் தந்திரம் இதுதான். முடிந்த பொருளைக் காட்டி விலை பேசினால், அதற்குள் போன மணிகளும் கைகளும் கண்ணுக்குத் தெரியாது. ஆறு தடவை மாற்றிய அன்னத்துக்கும் இதே தந்திரந்தான். கடைக்காரருக்குத் தெரிந்தது ஒரு அன்னம். மற்ற ஆறும் வெட்டி.

தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பிரான்சில் லியோன் என்ற பட்டு ஊரில் ஜக்கார்டு என்பவர் 1804இல் அட்டைத் துளையால் டிசைன் ஏற்றும் பொறியை அமைத்தார். அந்தத் துளை அட்டையைத்தான் பின்னால் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டருக்குப் பட்டுத் தறி பாட்டன் முறை. அதே லியோனில் நெசவாளர்கள் 1831 அக்டோபரில் உருப்படிக்கு இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று ஒரு கூலிப் பட்டியலை அரசு அதிகாரி முன்னிலையில் பேசி முடித்தார்கள். வியாபாரிகளில் பலர் ஏற்க மறுத்தார்கள். நவம்பரில் நெசவாளர்கள் கறுப்புக் கொடி பிடித்து எழுந்து, நகரத்தையே சில நாள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். ராணுவம் வந்தது, பட்டியல் ரத்தானது. ஒரு தாளில் எழுதிய தொகைக்காக ராணுவத்தை வரவழைக்க வேண்டியிருந்ததென்றால், அந்தத் தாளில் எவ்வளவு அதிகாரம் இருந்திருக்க வேண்டும்!

இப்போது கணக்குக்கு வருவோம். அந்த லோகோவுக்கு அவனுக்கு 12 மணி நேரம் ஆனது. 500ஐ 12ஆல் வகுத்தால் மணிக்கு 41 ரூபாய் சொச்சம். 2025-26 நிதியாண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நூறுநாள் வேலைக் கூலி நாளைக்கு 336 ரூபாய். எட்டால் வகுத்தால் 42. ஏரி மண் அள்ளிய அவன் அம்மாவுக்கு அரசாங்கம் குறித்த கூலியைக்கூட, மூன்று வருஷம் படித்த மகனுக்குக் கடை கொடுக்கவில்லை. அதிலும் கம்ப்யூட்டர் அவனுடையது, கரண்டு அவனுடையது, நெட்டுக் காசும் அவனுடையது.

நியாயமான தொகையை எப்படிப் போடுவது? வீட்டிலிருந்து தொடங்க வேண்டும், கடையிலிருந்து அல்ல. ஒரு குடும்பம் கடனில்லாமல் வாழ மாதம் 20,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் தேய்மானம், கரண்டு, நெட்டு எல்லாம் சேர்த்து 5,000. ஆக 25,000. மாதத்தில் 25 நாள், நாளைக்கு 8 மணி, மொத்தம் 200 மணி. ஆனால் வேலை தேடி அலைவது, பேசுவது, புதிதாகக் கற்றுக்கொள்வது, காசுக்கு நடையாய் நடப்பது, இதிலேயே பாதி போய்விடும். காசு வருகிற மணி 100தான். மணிக்கு 250. பன்னிரண்டு மணி அன்னத்துக்கு 3,000. அவரவர் வீட்டு எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் பேராசை எங்கே இருக்கிறது?

உடனே சொல்வார்கள்: 'அவனேதான ஒத்துக்கினான், யாரு கட்டாயப்படுத்தினா?' இதற்கு உச்ச நீதிமன்றம் 1982இலேயே பதில் சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றது. பசியும் வறுமையும் ஒரு ஆளை ஒத்துக்கொள்ள வைத்தால் அதுவும் கட்டாயந்தான் என்றது. ஆனால் இந்த நியாயம் நம் பையனை எட்டுவதில்லை. குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946இல் கொண்டுவந்தவர் அப்போது தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர். அது 1948இல் சட்டமானது. அதன் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. இரண்டும் பேசுவது முதலாளியிடம் வேலை பார்க்கும் தொழிலாளியைப் பற்றி. தன் வீட்டில், தன் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவனைச் 'சுயதொழில்' என்று எழுதி வெளியே நிறுத்திவிடுகிறார்கள். சேரிக்கு வெளியே ஊர் இருந்த மாதிரி, இவனுக்கு வெளியே சட்டம் இருக்கிறது.

டிசைன் உரிமையாவது மிஞ்சுமா? காசு வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக வரைந்தால், வடிவமைப்புச் சட்டம் 2000இன்படி உடைமைக்காரர் காசு கொடுத்தவர்தான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவோ, பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் ஏற்றிவிட்டால், பதிப்புரிமை போச்சு என்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பேருக்குக் காவல் வந்தது, நல்லதுதான். கோடு போட்ட கையின் பேர் அதில் எங்கே?

'சும்மா ஒரு சாம்பிள் போட்டுக் காட்டு, புடிச்சா காசு' என்பது இன்னொரு வழக்கம். இது சின்னக் கடைகளின் அல்பத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். ரூபாய்க்குக் குறியீடு வேண்டும் என்று இந்திய அரசு போட்டி வைத்தது. 3,000க்கும் மேற்பட்ட வரைவுகள் வந்தன. 2010 ஜூலை 15இல் தமிழ்நாட்டுக்காரரான உதயகுமாரின் வரைவு ஏற்கப்பட்டது, பரிசு 2.5 லட்சம். அவர் திறமைக்கு வணக்கம். ஆனால் பணத்தின் முகத்தை வரைவதற்கே ஆயிரக்கணக்கானவர்கள் பணமில்லாமல் வேலை பார்த்திருக்கிறார்கள்! அமெரிக்காவில் 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி நைக்கி கம்பெனிக்கு அந்த வளைந்த கோட்டைப் போட்டுக் கொடுத்து வாங்கியது 35 டாலர். 1983இல் கம்பெனி கூப்பிட்டு மோதிரமும் பங்குகளும் கொடுத்தது. கதையைச் சொல்கிறவர்கள் முதலாளியின் பெருந்தன்மையோடு முடிப்பார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, அவர்கள் பார்த்து, அவர்கள் இஷ்டத்துக்குக் கொடுத்தது! பெருந்தன்மைக்கும் நியாயத்துக்கும் இதுதான் வேறுபாடு. நியாயத்தைக் கேட்டு வாங்கலாம். பெருந்தன்மைக்குக் காத்திருக்கத்தான் முடியும்.

இனி நம் பக்கம். ஏப்ரல் 14க்கு பேனர், மாநாட்டுக்குப் போஸ்டர், பத்திரிகைக்கு அட்டை, இயக்கத்துக்கு வெப்சைட். 'நம்ம வேலதான தம்பி' என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அச்சகத்துக்குக் காசு கொடுக்கிறோம், மைக் செட்டுக்குக் காசு கொடுக்கிறோம், வரைந்த பையனுக்கு மட்டும் டீ. கொடைக்கும் வெட்டிக்கும் எல்லை எங்கே? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முடியாது என்று சொல்ல இடமிருந்து, தொகை இன்னதென்று இரண்டு பேருக்கும் தெரிந்த பிறகு, அவன் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால் அது கொடை. தொகையே பேசாமல் வாங்கினால் அது வெட்டி, வாங்குவது ஆண்டையானாலும் தோழரானாலும். காசில்லாத இயக்கம் 'இதன் கூலி 3,000, எங்களால் முடிந்தது 500, மீதி உன் நன்கொடை' என்று ரசீது எழுதட்டும். அந்த ரசீதில் அவன் உழைப்புக்கு ஒரு மதிப்பு பதிவாகும்.

இதில் நம்மைப் பிளக்கிற கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. 3,000 கேட்கிறவனுக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவன் 300க்குப் போட்டுக் கொடுக்கிறான். அவன் துரோகியா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாதவனிடம் ஒழுக்கம் பேசுவது மேல்சாதி ஒழுக்கம். குற்றம் 300ஐ நீட்டிய கையில் இருக்கிறது. அவன் தனியாக நிற்கும்படி விட்ட நம்மிடமும் இருக்கிறது. அப்பன் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து 'பேர் கிடைச்சாப் போதும்' என்று சும்மா வரைந்து கொடுக்கிறவனைத்தான் கடுமையாகக் கேட்க வேண்டும். அவனுக்கு அது பொழுதுபோக்கு. அடுத்தவனுக்கு அது சோறு.

பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் ரகத்துக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயம் உண்டு. அது போதாது என்று நெசவாளர்கள் சண்டை போடுகிறார்கள். சண்டை போட ஒரு பட்டியலாவது இருக்கிறது. லோகோ போடுகிறவனுக்கு அதுவும் இல்லை. ஆளுக்கொரு ரகசியத் தொகை. அந்த ரகசியம் லாபம் தருவது கடைக்குத்தான். ஆகவே முதல் வேலை, யார் யாருக்கு எவ்வளவு வாங்கினோம் என்று ஒருவருக்கொருவர் வெட்கப்படாமல் சொல்லிக்கொள்வது. பத்துப் பேர் கூடிக் கீழெல்லை ஒன்றைக் குறிக்கலாம். மணிக் கணக்கு, இரண்டு திருத்தத்துக்கு மேல் தனிக் காசு, பாதிக் காசு முன்னால், காசில்லாத சாம்பிள் கிடையாது, எல்லாம் எழுத்தில். கீழே போக வேண்டிய நெருக்கடியில் இருப்பவனுக்கு அந்த மாதம் மற்றவர்கள் ஒரு வேலையை விட்டுத் தரட்டும். இதைச் செய்யாமல் கீழெல்லை பேசினால், பசித்தவனுக்கு அது இன்னொரு தடை.

சாதி, வேலையைப் பிரித்ததோடு நிற்கவில்லை, வேலை செய்பவர்களையே ஒருவருக்குமேல் ஒருவராகப் பிரித்து வைத்தது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். தனித்தனி அறையில் தனித்தனிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளைச் சந்தை இன்று அப்படியே பிரித்து வைத்திருக்கிறது. பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தொகையை நாம் சொல்வோம். பேரம் பேசட்டும், பரவாயில்லை. ஆனால் பேரம் நாம் சொன்ன எண்ணிலிருந்து தொடங்கட்டும்.