பிள்ளைகளின் உடலும் ஓர் அமானிதம்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

  

நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மார்க், ரேங்க், டியூஷன், எந்த மீடியம், எந்தப் பள்ளிக்கூடம் என்று கவலைப்படுகிறோம். கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் படிப்பைச் சுமக்கிற உடலைப் பற்றி எத்தனை பேர் கவலைப்படுகிறோம்? ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற நம் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை முறை பி.டி. பீரியட் இருக்கிறது, அந்த நேரத்தில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேட்டால் எத்தனை தகப்பன்மார்களுக்குப் பதில் தெரியும்? இன்றைய ஜும்ஆவில் தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வி என்ற இந்த விஷயத்தைத்தான் மார்க்கத்தின் வெளிச்சத்தில் பார்க்கப் போகிறோம்.

அறிவும் உடலும் சேர்ந்த தகுதி

பனூ இஸ்ரவேலர்களுக்கு அல்லாஹ் தஆலா தாலூத் அவர்களை அரசராக ஆக்கினான். "அவரிடம் செல்வம் இல்லையே, அவர் எப்படி எங்களுக்கு அரசராக முடியும்?" என்று அந்த மக்கள் ஆட்சேபித்தார்கள். அதற்குச் சொல்லப்பட்ட பதிலை சூரத்துல் பகராவின் 247-வது ஆயத்தில் பார்க்கிறோம். அவருக்கு அல்லாஹ் அறிவிலும் விசாலத்தைக் கொடுத்திருக்கிறான், உடலிலும் விசாலத்தைக் கொடுத்திருக்கிறான் என்பதுதான் அந்தப் பதிலின் கருத்து. அறிவு, உடல் இரண்டும் ஒரே இடத்தில் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. நாமோ இரண்டையும் எதிரிகளாக ஆக்கிவிட்டோம். விளையாடினால் படிப்பு கெட்டுவிடும் என்கிறோம்.

பலமான முஃமின் பலவீனமான முஃமினைவிடச் சிறந்தவர், அல்லாஹ்வுக்கு அதிகப் பிரியமானவர், இருவரிடமும் நன்மை இருக்கிறது என்ற கருத்தில் வரும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இங்கே சொல்லப்படும் பலம் என்பது மறுமைக் காரியங்களில் உள்ள மன உறுதி என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். சரிதான். ஆனால் அந்த உறுதியைச் செயலாக்க உடல் வேண்டாமா? ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடந்தால் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். அதற்கு முன்னால் தவாஃப் ஏழு சுற்று. நாற்பது வயதிலேயே முழங்கால் வலியால் நாற்காலியில் தொழுகிற நிலை நம்மில் எத்தனை பேருக்கு வந்துவிட்டது! 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் உடல் அசைவு குறைந்த வாழ்க்கையும் ஒன்று. அந்தப் பழக்கம் பெரும்பாலும் சிறு வயதிலேயே ஆரம்பமாகிவிடுகிறது.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய நபி (ஸல்)

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் பிள்ளைகளான அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் மற்றும் அவர்களின் சகோதரர்களை வரிசையாக நிறுத்துவார்கள். யார் என்னிடம் முதலில் ஓடி வருகிறாரோ அவருக்கு இன்னது தருவேன் என்பார்கள். பிள்ளைகள் போட்டி போட்டு ஓடி வந்து நபியவர்களின் முதுகிலும் நெஞ்சிலும் விழுவார்கள். நபியவர்கள் அவர்களை முத்தமிட்டு அணைத்துக்கொள்வார்கள். இது முஸ்னது அஹ்மதில் வருகிற செய்தி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வஹீ இறங்குகிற நெஞ்சு அது. அந்த நெஞ்சில் ஓடிவந்து விழப் பிள்ளைகளுக்கு அனுமதி இருந்தது. ஓர் உடற்கல்வி ஆசிரியர் செய்ய வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஓர் இலக்கைக் காட்டுகிறார்கள். பரிசு சொல்லி ஆர்வமூட்டுகிறார்கள். பரிசு முதலில் வந்தவருக்கு, ஆனால் அணைப்பு எல்லோருக்கும். பின்னால் வந்த பிள்ளையும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

இன்னொரு சம்பவம் புகாரியில் வருகிறது. அஸ்லம் கோத்திரத்தார் இரு அணிகளாகப் பிரிந்து அம்பெய்து கொண்டிருந்தார்கள். நபியவர்கள் உற்சாகப்படுத்திவிட்டு, நான் இந்த அணியோடு இருக்கிறேன் என்றதும் எதிரணி கையை நிறுத்திக்கொண்டது. நபியவர்கள் அந்தப் பக்கம் இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வது என்றார்கள். உடனே, எய்யுங்கள், நான் உங்கள் எல்லோருடனும் இருக்கிறேன் என்று சொன்னார்கள். ஆசிரியர் ஓர் அணிக்குச் சொந்தமாகிவிட்டால் மற்ற அணி சோர்ந்துவிடும் என்பதை எவ்வளவு அழகாகச் சரிசெய்தார்கள்!

தோல்வியையும் அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். நபியவர்களின் ஒட்டகம் அள்பா எந்தப் பந்தயத்திலும் தோற்றதில்லை. ஒருநாள் ஒரு கிராமவாசியின் ஒட்டகம் அதை முந்திவிட்டது. ஸஹாபாக்களுக்கு மனம் கனத்துவிட்டது. இவ்வுலகில் எது உயர்ந்தாலும் அதைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் வழக்கம் என்ற கருத்தில் நபியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஒரு பரீட்சையில் தோற்றதற்காக உயிரையே மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறோமே! எட்டு வயதில் நொண்டியிலும் கோ-கோவிலும் நூறு முறை தோற்று, மறுநாள் மறுபடி விளையாட வந்த பிள்ளைக்குத் தோல்வி என்பது அவ்வளவு அந்நியமாக இருக்காது.

பி.டி. பீரியட் என்பது ஓய்வு நேரம் அல்ல

சகோதரர்களே! உடற்கல்வி என்றால் பந்தைக் கொடுத்து மைதானத்தில் விட்டுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்து கற்றுக்கொடுப்பது போலவே உடலுக்கும் அரிச்சுவடி இருக்கிறது. ஓடுதல், குதித்தல், எறிதல், பிடித்தல், உதைத்தல், ஒற்றைக் காலில் சமநிலையோடு நிற்றல். இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் தானாக ஒழுங்காக வந்துவிடுவதில்லை. யாராவது காட்டித் திருத்த வேண்டும். அந்த வயதில் கற்காத பிள்ளை பத்து வயதில் விளையாடக் கூச்சப்பட்டு ஓரமாக நிற்கும். பிறகு ஓரத்திலேயே நின்றுவிடும்.

பிள்ளைக்கு ஏழு வயதில் தொழுகையை ஏவச் சொல்லியிருக்கிறது நம் மார்க்கம். நிலை, ருகூஃ, ஸுஜூது, ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பது, இமாமை முந்தாமல் அடங்கியிருப்பது எல்லாம் உடலால் கற்கிற பாடங்கள். ஏழு வயது என்பது இரண்டாம் வகுப்பு. தொடக்கப் பள்ளி வயதில் உடலைப் பழக்குவது நமக்குப் புதிய விஷயமே அல்ல.

5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளிச்சத்தில் விளையாடும் நேரம் குறைந்தால் கிட்டப்பார்வை கூடுகிறது என்பதும் மருத்துவர்கள் கண்ட உண்மை. அதனால்தான் தைவான் நாட்டில் பிள்ளைகளைத் தினமும் 2 மணி நேரம் வகுப்பறைக்கு வெளியே விடும் திட்டத்தைப் பள்ளிக்கூடங்கள் மூலமாகவே நடத்துகிறார்கள். நம் வீட்டில் நிலைமை என்ன? பள்ளி, டியூஷன், மக்தப், பிறகு செல்போன். பிள்ளையின் உடலில் விரல் மட்டும்தான் ஓடுகிறது.

சட்டம் சொல்வது என்ன?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருட்கள் தர வேண்டும் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் அட்டவணையில் உடற்கல்விப் பயிற்றுநர் குறிப்பிடப்படுவது ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு மட்டும்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், பகுதிநேரமாக. ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒருவர் குறிப்பிடப்படவில்லை. ஆகவே பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு ஆசிரியரே இதையும் செய்ய வேண்டியிருக்கிறது. பாடம் முடியவில்லை என்றால் முதலில் பலியாவது பி.டி. பீரியட்தான். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் அவரிடம் கேட்பதெல்லாம் மார்க்கைத்தானே!

அதே சட்டம் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்கு நம்மில் யார் போகிறோம்? போய்க் கேளுங்கள். அட்டவணையில் இருக்கிற பி.டி. பீரியட் நடக்கிறதா? மைதானத்தில் கண்ணாடித் துண்டு கிடக்கிறதா? குடிநீர் இருக்கிறதா? கேட்பது உங்கள் உரிமை.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம்

சமீபத்தில் சில பெற்றோர்கள் என்னிடம் வந்தார்கள். "ஹழ்ரத், எங்கள் மகளுக்கு விளையாட்டிலிருந்து விலக்குக் கேட்டு மார்க்கத்தின் பெயரால் ஒரு கடிதம் தாருங்கள்" என்றார்கள். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களின் எண்ணம் நல்லதுதான். மானத்தையும் ஹயாவையும் நினைத்துத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கடிதத்தை நான் தரவில்லை. காரணத்தை உங்கள் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும்.

நம் தாயார் ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஒரு பிரயாணத்தில் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு ஓடினார்கள். அன்று ஆயிஷா (ரலி) ஜெயித்தார்கள். பின்னொரு நாள் நபியவர்கள் ஜெயித்து, அன்றைக்கு இது ஈடு என்று சிரித்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. அந்நியர் பார்வை என்ற பிரச்சினைக்காக ஓட்டத்தை ரத்து செய்யவில்லை. ஆட்களை முன்னே அனுப்பினார்கள். ஏற்பாட்டை மாற்றினார்கள்.

நாமும் அதைத்தான் கேட்க வேண்டும். முழுக்கைச் சட்டையும் பைஜாமாவும் அணிந்து விளையாட அனுமதி கேளுங்கள். மேல் வகுப்புகளில் பெண் ஆசிரியை வேண்டும், தனி நேரம் வேண்டும் என்று கேளுங்கள். எட்டு வயதுச் சிறுமியைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, இருபத்தைந்து வயதில் அவளுடைய எடைக்கும் முதுகு வலிக்கும் மருந்து தேடுவது அவளுக்குச் செய்யும் நீதியாகாது.

மக்தபும் வழிவிடட்டும்

பள்ளிக்கூடத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும், அதைத் தடுத்து ஓயாமல் படிப்பிலேயே வாட்டினால் உள்ளம் செத்துவிடும், கூர்மை மழுங்கிவிடும் என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பு! இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு வைத்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடமே, உன் உடலுக்கும் உன் மீது உரிமை இருக்கிறது என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். இபாதத்துக்கே அந்த எல்லை என்றால் டியூஷனுக்கு?

அதனால் நிர்வாகத்தோடு மஷூரா செய்து ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வரும் திங்கள் முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை மக்தப் அரை மணி நேரம் தாமதமாக ஆரம்பமாகும். அந்த அரை மணி நேரம் அவர்களுடையது. பச்சைக்குதிரை, கிளித்தட்டு, கயிறு தாண்டுதல் எதுவானாலும் ஓடட்டும். தயவுசெய்து அந்த அரை மணி நேரத்தை இன்னொரு டியூஷனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். செல்போனுக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

விளையாட்டுக்கும் எல்லை உண்டு. தொழுகையை விழுங்குகிற விளையாட்டு, பணம் கட்டி ஆடும் சூது, ஏச்சும் பேச்சுமாக முடிகிற ஆட்டம் இவற்றுக்கு மார்க்கத்தில் இடமில்லை. இந்த எல்லையையும் ஒரு நல்ல ஆசிரியரிடம், ஒரு நல்ல தகப்பனிடம்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். வாரத்தில் ஒரு நாளாவது நீங்களே பிள்ளைகளை வரிசையில் நிறுத்துங்கள். ஓடி வரச் சொல்லுங்கள். கையை விரித்துக் காத்திருங்கள். அதுவும் ஒரு ஸுன்னத்தைப் பின்பற்றிய நன்மையைத் தரும், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு ஸாலிஹான உள்ளத்தையும் ஆரோக்கியமான உடலையும் தருவாயாக! அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களின் உழைப்பில் பரக்கத் செய்வாயாக! அவர்களின் பலத்தை உன் வழிபாட்டிலும் மக்களின் நலனிலும் செலவழிக்கத் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.