கேட்டுச் சேர்ப்பதும் கேட்காமல் சேர்ப்பதும்

"போயும் போயும் சோதனை எலியாவா போகப் போற?" மருந்து ஆய்வுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று வீட்டில் சொன்னதும் அக்கா கேட்ட கேள்வி இது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. கேமரன் மலையின் மழைக்காலத்தில் நீல பம்ப் சட்டைப் பையில் இல்லாமல் ரிங்லெட் கடைத்தெருவுக்குக்கூட இறங்கமாட்டேன். மலைக்குக் கீழே நான் காட்டிக்கொள்ளும் கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர், "ஆஸ்துமாவுக்குப் புது மருந்து ஒன்னு சோதிக்கப் போறாங்க, பேர் கொடுக்கறீங்களா அண்ணே?" என்று கேட்டிருந்தார். மிஸ்ஸிக்கு என்ன பதில் சொல்வது என்பதைவிட அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அக்காவின் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. இந்த நாட்டில் அதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பின்கதை இருக்கிறது. அன்றைய மலாயாவில் பெரிபெரி என்றொரு நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் வீங்கும், நரம்பு தளரும், கடைசியில் இதயம் நிற்கும். ஈயச் சுரங்கங்களில் சீனர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி, நம் ஆட்கள் சாப்பிட்டது ஊரிலிருந்து வந்த புழுங்கலரிசி; கோளாறு சோற்றில்தான் என்றார். கோலாலம்பூர் மனநோய் விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் பிளெட்சர் அதை நம்பவில்லை. 1905 டிசம்பரில் அங்கிருந்த நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை ஒரு பக்கம். ஒரு பக்கத்துக்குப் புழுங்கல், மறுபக்கத்துக்குப் பச்சரிசி. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பச்சரிசிப் பக்கத்தில் 18 பேர் பெரிபெரியில் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கத்தில் அந்த நோயால் ஒரு சாவும் இல்லை.

1907-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் ஸ்டான்டனும் இதையே காட்டுக்குள் செய்தார்கள். துரியான் தீப்பூஸ் பக்கம் சாலை போட வந்த ஏறக்குறைய 300 ஜாவாக்காரர்கள்தான் அந்தச் சோதனைக்கு ஆட்கள். அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். சில மாதங்களில் பச்சரிசிக் கூட்டத்தில் நோய் வந்தது. புழுங்கலுக்கு மாற்றியதும் புதிதாக வருவது நின்றது. பிறகு மற்றக் கூட்டத்துக்குப் பச்சரிசியைக் கொடுத்தார்கள், அவர்களுக்கும் வந்தது.

மனநோய் விடுதியில் பூட்டி வைக்கப்பட்டவர் எதற்குச் சம்மதம் சொல்லியிருக்க முடியும்? ஒப்பந்தத்தில் கடல் தாண்டி வந்தவர் பரிமாறிய சோற்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டு எங்கே போயிருப்பார்? அந்த மருத்துவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. பல்லாயிரம் உயிர்கள் பிழைக்க வழி செய்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்களின் பெயர் நம்மில் யாருக்கும் நினைவில் இல்லை. இன்று நான் உறிஞ்சும் ஒவ்வொரு மருந்துக்கும் பின்னால் யாரோ சிலர் முதலில் உறிஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். நான் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டாலும் வேறு யாருடைய உடம்பிலோ பார்த்துத்தான் மருந்து என்னிடம் வரும். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அவங்களே பார்த்துக்கட்டும்" என்றார். அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

தானாகவே எலியான ஓர் ஆளும் இருந்திருக்கிறார். ரோஜர் ஆல்ட்டூன்யன், சிரியாவின் அலெப்போவில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவர், தானும் ஆஸ்துமாக்காரர். கினிப்பன்றி மயிர் பட்டால் அவருக்கு இளைக்கும். அந்த மயிர்ச் செதில்களின் சாற்றை ஆவியாக்கி முகர்ந்து, வேண்டுமென்றே இளைப்பை வரவழைத்துக்கொண்டு, வேலை பார்த்த மருந்து நிறுவனத்தில் தயாரான பொருள்களை ஒவ்வொன்றாகத் தன் நுரையீரலிலேயே சோதித்தார். ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில், வருஷக்கணக்கில். அதிலிருந்துதான் 1968-இல் குரோமோகிளைகேட் என்ற தடுப்பு மருந்து கடைக்கு வந்தது. அந்த ஜாவாக்காரர்களைவிட ஆல்ட்டூன்யன் பட்ட கஷ்டம் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் போதும் என்று தோன்றிய நிமிஷத்தில் அவரால் நிறுத்த முடிந்தது.

நிறுத்தும் உரிமை இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா ஆய்வு ஒன்றில் 24 வயதுப் பெண் ஒருவர் சேர்ந்தார். அங்கேயே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர், இளைப்பே இல்லாதவர். ஹெக்சாமெத்தோனியம் என்ற பொருளை முகர வைத்தார்கள். நுரையீரல் கெட்டு, சில வாரங்களில் இறந்துபோனார். அந்தப் பொருள் நுரையீரலைக் கெடுக்கலாம் என்று 1950-களிலேயே மருத்துவ இதழ்களில் வந்திருந்தது. ஆய்வாளர்கள் தேடிய கணினித் தொகுப்பு அவ்வளவு பின்னால் போகவில்லை. கையெழுத்துப் போட்டவர் தன் பங்கைச் சரியாகச் செய்திருந்தார். பழைய தாளைப் புரட்ட வேண்டியவர்கள் புரட்டவில்லை.

இத்தனையும் தெரிந்த பிறகும் பேர் கொடுக்கலாம் என்று நான் நினைத்ததற்குக் காரணம் சென்னை. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ மையம் ஒன்று தொடங்கியது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்காகப் படுக்க வேண்டும். நல்ல சாப்பாடு, நல்ல காற்று, முழு ஓய்வு வேண்டும் என்பது உலகம் முழுவதும் இருந்த நம்பிக்கை. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்குப் போனார்கள். மீதிப் பேர் குடிசையிலேயே இருந்து அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். குடிசையில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒட்டவும் இல்லை. 1959-இல் முடிவு வெளிவந்த பிறகு உலகம் மெல்ல மெல்லச் சானடோரியங்களை மூடியது. நெருக்கமான குடிசையில், சத்தில்லாத சாப்பாட்டில், நம் ஆட்களின் நிலைமையிலேயே கேட்ட கேள்வி அது. வசதியுள்ள நாட்டில், வசதியுள்ளவர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பதில் கிடைத்திருக்குமா?

யாரிடம் சோதிக்கிறார்கள் என்பது அவ்வளவு முக்கியம். சால்மெட்டரால் என்ற மருந்தை அமெரிக்காவில் 26,000-க்கும் மேற்பட்ட ஆஸ்துமாக்காரர்களிடம் சோதித்தார்கள். அதைச் சேர்த்துக்கொண்டவர்களிடம் ஆஸ்துமா சாவு கூடுதலாக இருப்பது, குறிப்பாகக் கறுப்பின மக்களிடம், தெரியவந்து 2003-இல் பாதியில் நிறுத்தினார்கள். நியூசிலாந்தில் சிலர் இன்னொரு கணக்குப் போட்டார்கள். உலகம் முழுவதும் மருத்துவர்கள் பின்பற்றும் ஆஸ்துமா வழிகாட்டிக்கு ஆதாரமான பெரிய ஆய்வுகளில், ஊரில் சாதாரணமாக இளைப்போடு நடமாடுகிறவர்களில் எத்தனை பேரைச் சேர்த்திருப்பார்கள் என்று பார்த்தார்கள். 2007-இல் வந்த விடை: சராசரியாக நூற்றுக்கு நான்கு பேர். புகை பிடிப்பவர் வேண்டாம், வேறு நோய் உள்ளவர் வேண்டாம், மூச்சு அளவு இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று வடிகட்டி வடிகட்டி மிஞ்சுவது அவ்வளவுதான்.

எங்களைப் போன்ற தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் அந்த நாலு பேரில் அநேகமாக இருக்கமாட்டார்கள். என் அம்மா தேயிலை ஃபாக்டரியில் தூள் சலிக்கும் அறையில் வேலை பார்த்தவர். மிஷின் ஓடினால் பஞ்சு மாதிரித் தூசி மிதக்கும். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். "தேயிலை வாசம் உடம்புக்கு நல்லது" என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். இலங்கையில் உரகொட என்ற நெஞ்சுநோய் மருத்துவர் 1970-லேயே, தேயிலை செய்கிறவர்களுக்கு அந்தத் தூசியால் ஆஸ்துமா வருவதை எழுதிவைத்தார். பத்து வருஷம் கழித்துத் தேயிலைத் தொழிலாளர்களின் நெஞ்சைப் பரிசோதித்து இன்னொரு கட்டுரையும் எழுதினார். அம்மாவுக்கு இருமல் வந்தபோது தோட்டத்து டிரெஸ்ஸர் கொடுத்தது பழுப்பு நிறத் தண்ணி மருந்து. இதற்காக யார் மேலும் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஆனால் தேயிலைத் தொழிலாளர்கள் நெஞ்சைக் காட்டியதால்தான் உரகொடவால் எழுத முடிந்தது என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்குச் சம்மதம் என்பதில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மேற்பார்க்கும் தண்டல் சொன்னால் போக வேண்டும். துரை நீட்டினால் கைநாட்டு வைக்க வேண்டும். வேண்டாம் என்பது வீட்டையே இழக்கும் வார்த்தை, ஏனென்றால் குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். இது பழங்கதை மட்டுமல்ல. 2009, 2010-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் பக்கம் எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தில் பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டார்கள். இந்திய நாடாளுமன்றக் குழுவே 2013-இல் அதைக் கண்டித்தது. அதனால் மிஸ்ஸியிடம் நான் முதலில் கேட்டது ஊசியா மாத்திரையா என்றல்ல. "வேணாம்னு சொன்னா அடுத்த தடவை என்னை டாக்டர் எப்படிப் பார்ப்பாரு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை மாறாது, நெறிக் குழு அனுமதி இல்லாமல் ஆய்வு நடக்காது என்று பொறுமையாகச் சொன்னார். படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு சாட்சி பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றையும் அவர் நேராகச் சொன்னது எனக்குப் பிடித்தது. "இது வைத்தியம் இல்லை அண்ணே. புது மருந்து உங்களுக்கு விழலாம், வெறும் பம்ப்பும் விழலாம். சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரிதான். டாக்டருக்கே தெரியாது. இப்ப எடுக்கற மருந்தை மட்டும் நிறுத்தமாட்டோம்." நல்ல மருந்து சும்மா கிடைக்கிறது என்று ஓடுகிறவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். வருகிற பலன் எனக்குத்தான் வரும் என்று நிச்சயம் இல்லை; பத்து வருஷம் கழித்து முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு வரலாம். அதற்குச் சம்மதம் என்றால் போகலாம். எனக்குச் சம்மதமாக இருந்தது.

பேர் கொடுத்தேன். குழாயில் ஊதச் சொன்னார்கள். நீல பம்ப் அடித்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதினால் மூச்சு 12 சதவீதமாவது கூட வேண்டுமாம். எனக்குக் கூடவில்லை. நூற்றில் தொண்ணூற்றாறு பேரோடு நானும் சேர்ந்துகொண்டேன். அக்காவுக்குப் பெரிய நிம்மதி.

வெளியே வரும்போது மிஸ்ஸியிடம், தோட்டத்தில் இப்போது கொழுந்து எடுப்பவர்களில் இளைப்பு உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்டேன். எங்கள் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். லயங்களில் இன்று பெரும்பாலும் வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் இந்தோனேசியரும்தான். படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் தமிழிலும் இருக்கிறது என்றார். வங்காளத்தில் இல்லை, நேபாளியில் இல்லை. பெர்மிட் முடிந்தால் ஆள் ஊருக்குப் போய்விடுவார், கடைசிவரை பின்தொடர முடியாது. மாதாமாதம் மலையிலிருந்து இறங்கி வர முதலாளி லீவு தர வேண்டும். "கேட்டுப் பார்க்கறேன் அண்ணே, ஆனா அவங்கள முறையா கேட்டுச் சேர்க்கறது ரொம்பக் கஷ்டம்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். 1907-இல் ஜாவாக்காரர்களைச் சேர்ப்பது சுலபமாக இருந்தது.